விலைப்பலகையில் நேற்றைய விலை தெரியலாமா?

காலையில் கடை திறந்து, வாசல் தெளித்து, சாமி படத்திற்கு விளக்கேற்றியதும் நம்மில் பலர் செய்கின்ற அடுத்த வேலை, வாசலில் மாட்டியிருக்கும் பலகையில் அன்றைய விலையை எழுதுவதாகும். துவரை இன்ன விலை, உளுந்து இன்ன விலை, பாசி இன்ன விலை என்று எழுதி வைத்துவிட்டால், வருகிறவருக்கு நாம் வாய் திறக்கும் முன்னரே பலகை விலை சொல்லிவிடுகிறது. இப்போது காலை விலையைச் செல்போனில் அனுப்பும் பழக்கம் வந்துவிட்டது உண்மைதான். ஆயினும் வீதியில் நடந்து வந்து நான்கு கடை பார்த்துச் சரக்கு எடுக்கிறவர்கள் இன்றும் பலகையைத்தான் படிக்கிறார்கள். அதில் எழுதியிருப்பது நம் வாக்கு.

அந்த வாக்கு குழறினால் என்ன ஆகும் என்பதை எங்கள் கடையில் பட்டுத் தெரிந்துகொண்டோம். பலகை துடைப்பதைப் பற்றி நம் இதழில் ஒரு கட்டுரையா என்று சில உறுப்பினர்கள் நினைக்கக்கூடும். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறோம்.

3 என்பது 8 ஆன கதை

மதுரை கீழமாசி வீதிப் பக்கம் எங்களுக்குப் பருப்பு மொத்த வியாபாரம். 2023ஆம் ஆண்டு தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்பு, உளுந்தம்பருப்பு 100 கிலோ 11,800 ரூபாய் என்று விற்றுக்கொண்டிருந்தோம். நான்கு நாள் அந்த விலையே பலகையில் நின்றது. ஐந்தாம் நாள் புது லோடு இறங்கியதும் 11,300 என்று குறைத்து எழுதினோம். முறுக்கும் தேன்குழலும் சுடுகின்ற காலம். விலையையும் குறைத்தாயிற்று, சரக்கு ஓடிவிடும் என்று நம்பியிருந்தோம். ஆனால் எதிர்பார்த்த அளவுக்கு ஓடவில்லை.

உசிலம்பட்டிப் பக்கத்துச் சில்லறைக் கடைக்காரர் ஒருவர், இருபது ஆண்டுகளாக எங்களிடம் சரக்கு எடுப்பவர், அந்த வாரம் வரவே இல்லை. பண்டிகை முடிந்து ஒருநாள் வந்தார்.

"என்னப்பா, தீபாவளிச் சரக்குக்கு ஆளையே காணோமே?" என்று கேட்டோம்.

"வந்தேன் அண்ணாச்சி. உள்ளே கூட்டமா இருந்துச்சு. வாசல்லயே நின்னு போர்டைப் பாத்தேன். உளுந்து 11,800னு போட்டிருந்துச்சு. பக்கத்துல 11,400னு சொன்னாங்க, ஆறு மூட்டை எடுத்துக்கிட்டுப் போயிட்டேன்."

"11,800ஆ? அன்னைக்கு நம்ம விலை 11,300 தானே!"

"போர்டுல எட்டுதான் அண்ணாச்சி இருந்துச்சு. நான் ஏன் பொய் சொல்லப் போறேன்?"

அவர் பொய் சொல்லவில்லை. வாசலுக்குப் போய், வெயில் சாய்வாக விழும்படி நின்று பலகையைப் பார்த்தோம். அழித்துவிட்டோம் என்று நாம் நினைத்த எண்கள் எல்லாம் சாம்பல் நிறத்தில் மங்கலாக அங்கேயே இருந்தன. பழைய 8இன் இடதுபுற வளைவு அழியாமல் நின்று, அதன்மேல் எழுதிய 3ஐ மூடி, தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு மறுபடி 8 ஆக்கியிருந்தது. தினமும் பார்த்துப் பழகிய எங்கள் கண்ணுக்கு அது படவில்லை.

ஆறு மூட்டை விற்பனை கைமாறிப் போனதைக் கூடத் தாங்கிக்கொள்ளலாம். அவரைப் போல இன்னும் எத்தனை பேர் வாசலில் நின்று படித்துவிட்டு, ஒரு வார்த்தை கேட்காமல் திரும்பினார்களோ, அந்தக் கணக்கு எந்தப் பேரேட்டிலும் ஏறுவதில்லை. அதுதான் மனத்தை உறுத்தியது.

அன்றைக்கே பலகையைத் தேய்த்துச் சுத்தம் செய்யச் சொன்னோம். கடைப் பையனும் பாத்திரம் விளக்கும் பவுடரும் ஸ்டீல் நாரும் கொண்டு முழு மூச்சாகத் தேய்த்தான். பலகை பளிச்சென்று ஆயிற்று. எங்களுக்கும் மகிழ்ச்சி. மறுநாள் எழுதியதை மாலையில் துடைத்தால் பாதி எழுத்து போகவில்லை! முன்பு நான்கு நாளில் பிடித்த கறை இப்போது ஒரே நாளில் பிடித்தது. ஏன் இப்படி ஆயிற்று என்று விசாரித்து, பல முறை செய்து பார்த்த பிறகே இந்த வேலையின் சூட்சுமம் விளங்கிற்று. அதை உறுப்பினர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மை ஏன் அழிகிறது, ஏன் அழிய மறுக்கிறது?

நம் தகப்பனார் காலத்தில் கருப்பு வண்ணம் அடித்த மரப்பலகையும் சாக்பீசும் இருந்தன. ஈரத்துணியால் துடைத்தால் போயிற்று. சாக்பீஸ் தூள் சர்க்கரை மூட்டையிலும் மாவிலும் விழுகிறது என்பதால், வெள்ளைப் பலகை வந்ததும் பலரும் அதற்கு மாறினோம்.

வெள்ளைப் பலகைக்கான மார்க்கர் மையில் முக்கியமாக மூன்று பொருள்கள் இருக்கின்றன. ஒன்று நிறம் தருகின்ற பொடி. இரண்டாவது, அந்தப் பொடியைப் பேனா முனை வரை கொண்டு வருகின்ற ஆல்கஹால் வகைத் திரவம். மூன்றாவது, பொடி பலகையில் ஒட்டிவிடாமல் தடுக்கின்ற எண்ணெய் போன்ற ஒரு பொருள். எழுதிய சில நொடிகளில் ஆல்கஹால் ஆவியாகிவிடுகிறது. நிறப்பொடி அந்த வழுக்கும் பொருளின் மேல் மெல்லிய ஏடாகப் படிந்து நிற்கிறது. டஸ்டர் பட்டதும் அந்த ஏடு உதிர்ந்து வருகிறது. அழியாத மார்க்கரிலோ வழுக்கும் பொருளுக்குப் பதிலாகப் பிசின் இருக்கிறது. அது காய்ந்ததும் இறுகப் பற்றிக்கொள்கிறது.

ஆக, மை எளிதில் அழிய வேண்டுமானால் பலகையின் மேற்பரப்பு கண்ணாடி போல் வழுவழுப்பாக இருக்க வேண்டும். கீறலோ நுண்ணிய துளையோ இருந்தால் பொடி அதற்குள் இறங்கிவிடும். டஸ்டர் மேலே மட்டும் துடைத்துக்கொண்டு போகும். ஸ்டீல் நாரால் தேய்த்தபோது எங்கள் பலகைக்கு நடந்தது இதுதான். கறையோடு சேர்த்து மேல்பூச்சையும் தேய்த்து எடுத்துவிட்டு, கண்ணுக்குத் தெரியாத ஆயிரம் கீறல்களைப் போட்டுவிட்டோம். அத்தனையும் மைக்குக் குடியிருப்பு ஆகிவிட்டன.

எழுத்து பல நாள் நிற்பதும், வெயில் படுவதும், எழுதியவுடன் ஈரம் காயுமுன் துடைப்பதும், அழுக்கு டஸ்டரைப் பயன்படுத்துவதும் கறைக்கு மற்ற காரணங்களாகும். விலை மாறாத சரக்கின் எண்ணை நாம் வாரக்கணக்கில் அப்படியே விட்டுவிடுகிறோம். கறை முதலில் பிடிப்பது அங்கேதான்.

உங்கள் பலகை எந்த வகை?

சுத்தம் செய்யத் தொடங்கும் முன் பலகை எந்த வகை என்று தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு காந்தத்தை ஒட்டிப் பாருங்கள். ஒட்டாவிட்டால் பெரும்பாலும் அது மெலமைன் பலகையாகும். மரத்தூள் அட்டையின் மேல் மெலமைன் ஏடு ஒட்டியது. விலை குறைவு, நம் கடைகளில் மிகுதியாக இருப்பது இதுவே. மேல்பூச்சு மெல்லியது, சீக்கிரம் தேய்ந்துவிடும்.

காந்தம் ஒட்டினால் அது தகட்டுப் பலகை. அதில் இரண்டு வகை உண்டு. தகட்டின் மேல் பெயிண்ட் பூசியது ஒன்று. பீங்கான் எனாமலைச் சூளையில் உருக்கிப் பிடித்தது மற்றொன்று. எனாமல் பலகை கண்ணாடி போல் பளபளக்கும். விலை கூடுதல் என்றாலும் நெடுங்காலம் உழைக்கும். இவை தவிரக் கண்ணாடிப் பலகையும் உண்டு. அதில் கறை ஊறுவதற்கு இடமே இல்லை.

இன்னொரு சோதனையும் செய்யலாம். பலகையைத் துடைத்துக் கீழே படுக்க வைத்து, ஒரு சொட்டுத் தண்ணீரைப் பலகையின் ஓரத்தில் ஒன்றும், தினமும் எழுதுகின்ற இடத்தில் ஒன்றுமாக விடுங்கள். ஓரத்தில் முத்துப் போல் நின்று, எழுதும் இடத்தில் மட்டும் பரவினால், அங்கே மேல்பூச்சு போய்விட்டது என்று கொள்ளலாம்.

படிப்படியாகச் சுத்தம் செய்யும் முறை

எந்தப் பொருளானாலும் முதலில் மூலையில் கையளவு இடத்தில் தடவிப் பாருங்கள். பலகைக்குக் கெடுதல் இல்லை என்று கண்ட பின்னரே முழுவதும் இறங்க வேண்டும். நம் கடைப் பலகைகளில் சரக்கின் பெயர்களைப் பெயிண்டரைக் கொண்டு எழுதியோ, ஸ்டிக்கராக ஒட்டியோ வைத்திருப்போம். ஸ்பிரிட் பட்டால் அந்த எழுத்தும் இளகி வந்துவிடக்கூடும். விலைக் கட்டத்துக்குள் மட்டும் துணியை ஓட்டவும்.

முதல் படி: பாத்திரம் கழுவும் திரவம். ஒரு குவளை வெதுவெதுப்பான நீரில் இரண்டு சொட்டுப் போதும். மென்மையான பனியன் துணியை நனைத்து, நன்றாகப் பிழிந்து துடைக்கவும். பருப்புத் தூசி, எண்ணெய்ப் பிசுக்கு, கைரேகைப் பிசுபிசுப்பு எல்லாம் இதில் வந்துவிடும். எண்ணெய்க் கடை, பலகாரக் கடை வைத்திருப்போர் பலகையில் புகையும் எண்ணெயும் படிந்து ஏடாக நிற்பதால் மை சரியாகப் பிடிக்காமலும், பிடித்தது சரியாக அழியாமலும் தொல்லை கொடுக்கும். அவர்களுக்கு இந்த ஒரு படியே பாதி வேலையை முடித்துவிடும். பிறகு வெறும் தண்ணீரில் நனைத்த துணியால் ஒருமுறை, உலர்ந்த துணியால் ஒருமுறை துடைக்க வேண்டும். சோப்புப் படிவை அப்படியே விட்டால் அதுவே அடுத்த கறைக்கு வழி செய்யும். மரத்தூள் அட்டைப் பலகையில் நீரை ஊற்றக் கூடாது. ஓரம் வழியாக நீர் இறங்கினால் அட்டை உப்பிவிடும்.

இரண்டாம் படி: ஸ்பிரிட். மருந்துக் கடையில் கிடைக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் 70 சதவீதம், அல்லது ஊசி போடும்போது தடவுகின்ற சர்ஜிக்கல் ஸ்பிரிட், இதற்கு ஏற்றது. மையில் இருக்கும் திரவமும் இதே இனம் என்பதால், காய்ந்து கிடக்கின்ற மையை மறுபடி இளக்கிவிடுகிறது. துணியில் நனைத்துக் கறையின் மேல் அரை நிமிடம் ஒற்றி வைத்து, பிறகு ஒரே திசையில் துடைத்து எடுக்கவும். துணியின் சுத்தமான பக்கத்தை அடிக்கடி மாற்றிக்கொள்ள வேண்டும். அதே அழுக்குப் பக்கத்தால் சுற்றிச் சுற்றித் தேய்த்தால், இளகிய மையைப் பலகை முழுவதும் நாமே பூசுவதாகும். இரண்டு மூன்று முறை செய்தால் சாம்பல் நிழல் பெரும்பாலும் மறைந்துவிடும்.

2020ஆம் ஆண்டு கொரோனா காலத்தில் வாங்கி மூலையில் கிடக்கும் சானிடைசரையும் பயன்படுத்தலாம். ஆனால் கையின் மென்மைக்காக அதில் கிளிசரின் போன்றவை சேர்த்திருப்பார்கள். அதன் பிசுபிசுப்பு பலகையில் நிற்கும். முடிந்ததும் முதல் படியை மறுபடி செய்ய வேண்டும்.

இங்கே ஒரு முக்கிய எச்சரிக்கை. ஸ்பிரிட்டும் சானிடைசரும் எளிதில் தீப்பற்றுபவை. சாமி விளக்கும் ஊதுபத்தியும் எரிந்துகொண்டிருக்கும்போது இந்த வேலையில் இறங்கக் கூடாது. காற்றோட்டமான இடத்தில் வைத்துச் செய்யவும். புட்டியைச் சிறு பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வைக்கவும்.

அழியாத மார்க்கரால் எழுதிவிட்டால்?

கல்லாவில் இரண்டு பேனாவும் ஒரே டப்பாவில் கிடக்கும். மூட்டையில் மார்க் போடுகின்ற அழியாத மார்க்கரை எடுத்துப் பலகையில் விலை எழுதிவிடுவது பல கடைகளில் நடப்பதுதான். பதற்றப்பட வேண்டாம். அதன்மேல் வெள்ளைப் பலகை மார்க்கரைக் கொண்டு அழுத்தமாக எழுதி, பழைய எழுத்தை முழுவதும் மூடிவிட்டு, சில நொடிகளில் துடைத்துப் பாருங்கள். புது மையில் இருக்கும் ஆல்கஹால் பழைய மையின் பிசினை இளக்கிவிட, இரண்டும் சேர்ந்து வந்துவிடும். கையில் வேறு எதுவும் இல்லாத நேரத்திலும் இது கைகொடுக்கும். மீதம் இருந்தால் ஸ்பிரிட் போட்டுத் துடைக்கலாம். இனி இப்படி நேராமல் இருக்க, மூட்டை மார்க்கரை மூட்டைப் பக்கமே கட்டித் தொங்கவிடுவது நல்லது.

சந்தனம், குங்குமம், ஸ்டிக்கர் பசை

ஆயுத பூஜையன்று தராசு, கல்லா, பேரேட்டோடு விலைப்பலகைக்கும் சந்தனம் குங்குமம் வைப்பது நம் வழக்கம். அந்தப் பொட்டை அப்படியே விட்டுவிட்டால் மேல்பூச்சு தேய்ந்த பலகையில் சாயம் ஊறிவிடும். மஞ்சளில் செய்த குங்குமமானால் ஸ்பிரிட்டுக்குக் கரையும். சோப்புக் கட்டியைப் போட்டுத் தேய்த்தால் மஞ்சள் கறை சிவப்பாக மாறிவிடும். சோப்பில் உள்ள காரமே காரணம். மீதம் நிற்கும் மஞ்சள் கறை சில நாள் வெயில் பட்டால் வெளுத்துவிடும். ஆனால் கறை எடுக்கவென்று பலகையை வெயிலில் போடுவதானால், அதில் மார்க்கர் எழுத்து ஒன்றும் இல்லாதபடி துடைத்துவிட்டே போட வேண்டும். அடுத்த ஆண்டிலிருந்து பொட்டைப் பலகையின் சட்டத்தில் வைத்துவிட்டால் இந்தக் கவலையே இல்லை.

ஸ்டிக்கர், செல்லோ டேப் பசைக்குத் தேங்காய் எண்ணெய் போதும். தடவிக் கால் மணி நேரம் ஊறவிட்டு, விரலால் உருட்டி எடுத்துவிட்டு, பாத்திரம் கழுவும் திரவத்தால் எண்ணெய்ப் பசை போகக் கழுவவும். நீலகிரித் தைலமும் பசையையும் பழைய மையையும் இளக்கும். அதற்குப் பிறகும் இதே போல் கழுவுதல் அவசியம்.

செய்யக் கூடாதவை

ஸ்டீல் நார், தேங்காய் நார், உப்புத்தாள், பாத்திரம் விளக்கும் பவுடர் ஆகியவற்றைப் பலகைப் பக்கமே கொண்டுவரக் கூடாது. அதனால் வந்த வினையை மேலே சொன்னோம்.

பற்பசை, சமையல் சோடா வைத்துத் தேய்த்தால் கறை போகும் என்று பலர் சொல்வார்கள். போவது உண்மைதான். அவை இரண்டும் மென்மையான தேய்ப்புப் பொடிகள் என்பதால் கறையோடு மேல்பூச்சிலும் கொஞ்சம் தேய்ந்து போகும். எப்படியும் மாற்றப் போகின்ற பலகையில் கடைசி முயற்சியாக ஒருமுறை செய்து பார்க்கலாம். வாரா வாரம் செய்தால் நல்ல பலகையும் கெட்டுவிடும்.

நகப்பூச்சு நீக்குகின்ற அசிட்டோனும் பெயிண்ட் தின்னரும் பெயிண்ட் பூசிய தகட்டின் பளபளப்பைக் கெடுத்துவிடும். கண்ணாடிக்கும் எனாமலுக்கும் அசிட்டோன் கெடுதல் செய்யாது. ஆயினும் ஸ்பிரிட் இருக்கும்போது அது எதற்கு? மண்ணெண்ணெய் தீ அபாயம் உள்ளது. அதோடு எண்ணெய்ப் படிவை விட்டுச் செல்லும். உணவுப் பொருள் விற்கின்ற கடையில் அதன் நாற்றமும் வேண்டாம்.

ப்ளீச்சிங் பவுடர் மைக்கறைக்குப் பயன்படாது. பையன்கள் "எல்லாத்தையும் கலந்து போட்டா நல்லாப் போகும்" என்று நினைத்து விடுவார்கள். ப்ளீச்சிங் பவுடரோடு வினிகரோ கழிவறை ஆசிடோ சேர்ந்தால் குளோரின் என்னும் நச்சு வாயு கிளம்பும். ஸ்பிரிட்டோடு சேர்ந்தாலும் நச்சுப் பொருள்கள் உண்டாகும். ஒன்றோடு ஒன்றைக் கலக்கக் கூடாது என்று கடையில் வேலை செய்வோர் அனைவருக்கும் கண்டிப்பாகச் சொல்லி வைக்க வேண்டும்.

தேய்ந்த பலகைக்கு மறுவாழ்வு

சுத்தம் செய்தும் மறுநாளே கறை பிடித்தால், குற்றம் மையில் இல்லை, மேல்பூச்சு போய்விட்டது. அப்போது என்ன செய்யலாம்?

கார் மெருகேற்றும் மெழுகைச் சிறிதளவு தடவி, காய்ந்ததும் மென்துணியால் நன்றாகத் துடைத்து எடுத்தால், மெழுகு நுண்கீறல்களை நிரப்பிக்கொள்ளும். தேய்ப்புப் பொடி கலவாத மெழுகாகப் பார்த்து வாங்க வேண்டும். இது தற்காலிகம்தான். ஸ்பிரிட் போட்டுத் துடைக்கும்போது மெழுகும் போய்விடும்; மறுபடி தடவ வேண்டும். புதுப் பலகை வாங்கும் வரை ஒப்பேற்றலாம்.

நிலையாகச் சரிசெய்ய, பளபளப்பான வெள்ளைச் சன்மைக்காவைத் தச்சரைக் கொண்டு பழைய பலகையின் மேலேயே ஒட்டிவிடலாம். அதுவும் மெலமைன் மேற்பரப்புதான் என்பதால் மார்க்கரில் எழுதி அழிக்கலாம். சொரசொரப்பான மேட் வகையைத் தவிர்க்க வேண்டும். வாங்கும் முன் துண்டு ஒன்றில் எழுதி, ஒருநாள் விட்டு, அழித்துப் பாருங்கள். நாங்கள் செய்தது இதைத்தான். சட்டமும் அளவும் பழையதே இருக்க, எழுதும் முகம் மட்டும் புதிதாயிற்று.

சுவரில் இடம் இருப்பவர்கள் பளபளப்பான வெள்ளை டைல்ஸ் நான்கைந்தைப் பதித்துவிடலாம். சூளையில் சுட்ட மெருகு என்பதால் மை அதில் ஊறாது. ஒரு சரக்குக்கு ஒரு டைல் என்று வைத்துக்கொண்டால் இன்னும் தெளிவு. டைல்களுக்கு இடையே உள்ள சிமெண்ட் கோட்டில் மட்டும் மை படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பின்புறம் வெள்ளைப் பெயிண்ட் அடித்த கண்ணாடியும் நெடுநாள் உழைக்கும். வாசலில் மூட்டை ஏற்றி இறக்குகின்ற இடமானால் எளிதில் உடையாத டஃபன்டு கண்ணாடியாகப் போடுவதே பாதுகாப்பு.

கறை பிடிக்காமல் காக்கும் பழக்கங்கள்

விலை மாறினாலும் மாறாவிட்டாலும், இரவு கடை அடைக்கும்போது எண்கள் அனைத்தையும் அழித்துவிட்டு, காலையில் புதிதாக எழுதுவதை எங்கள் கடையில் வழக்கமாக்கிவிட்டோம். இரண்டு நிமிட வேலைதான். காலையில் எழுதும்போது தேதியையும் மேலே போட்டுவிடுகிறோம். இன்றைய விலைதானா என்று வாடிக்கையாளர் ஐயப்படத் தேவையில்லை.

ஒரே ஓர் எண் மாறினாலும் அதை மட்டும் விரலால் துடைத்து, மேலே திருத்தி எழுதக் கூடாது. 3ஐ 8 ஆக்குவதும் 1ஐ 7 ஆக்குவதும் இந்த அவசரம்தான். விரலின் எண்ணெய்ப் பசையும் அங்கே படியும். முழு விலையையும் டஸ்டரால் அழித்து, புதிதாக எழுத வேண்டும்.

டஸ்டரை வாரம் ஒருமுறை அலசிக் காயவைக்கவும். அல்லது பனியன் துணியை மாற்றிவிடவும். மாதம் ஒருமுறை ஸ்பிரிட் துடைப்பு. அமாவாசைக்குக் கடை கழுவும் வழக்கம் உள்ளவர்கள் அதோடு சேர்த்துக்கொள்ளலாம். மார்க்கரைப் படுக்க வைத்தே வைக்க வேண்டும். மூடியை இறுக மூட வேண்டும். காய்ந்து போன பேனாவை அழுத்தி எழுதினால் பலகையில் கீறல் விழும். எங்கள் அனுபவத்தில் கருப்பு மை எளிதில் அழிகிறது. சிவப்பும் பச்சையும் சற்று அடம் பிடிக்கின்றன. தினமும் மாறுகின்ற விலையைக் கருப்பில் எழுதுவது நலம். மேற்கு வெயில் நேராக அடிக்கின்ற வாசலானால் பலகையை நிழலுக்கு மாற்றுங்கள்.

இத்தனைக்கும் செலவு என்று பார்த்தால் ஒரு புட்டி ஸ்பிரிட், சில சொட்டுப் பாத்திரத் திரவம், நான்கு பனியன் துணி. ஒரு மூட்டைப் பருப்பில் கிடைக்கும் லாபத்துக்கே வராது.

உசிலம்பட்டிக்காரர் இப்போது பழையபடி வந்துகொண்டிருக்கிறார். புது முகம் போட்ட பலகையைப் பார்த்த அன்று, "இப்பத்தான் தெளிவாத் தெரியுது அண்ணாச்சி. ஆனாலும் இனிமே உள்ள வந்து ஒரு வார்த்தை கேட்டுக்கிடுதேன்" என்றார். அவர் கேட்டுக்கொள்வார்; இருபது ஆண்டுப் பழக்கம். முதன்முறை நம் வாசலில் வந்து நிற்பவர் கேட்க மாட்டார். படித்துவிட்டுப் போய்விடுவார்.

ஆகவே வணிகப் பெருமக்கள் இன்று இரவு ஷட்டரை இறக்குமுன் ஒரு காரியம் செய்ய வேண்டுகிறோம். பலகையை முழுவதும் அழித்துவிட்டு, செல்போன் விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து, வீதியின் எதிர்ப்புறம் ஒருவரை நிற்கவைத்துப் படிக்கச் சொல்லுங்கள். அவர் கண்ணுக்கு ஓர் எண்ணாவது தெரிந்தால், நாளைக் காலை முதல் வேலையாக ஸ்பிரிட் வாங்கி வாருங்கள்.